மலைப்பாதையும் மானிட சமத்துவமும்

சமத்துவம் என்ற சொல்லுக்கு அதன் பகைவர்களால் நேர்ந்த தீங்கு பெரிது. அதன் நண்பர்களால் நேர்ந்த தீங்கும் சிறிதன்று. "மனிதரின் ஆற்றல் இயல்பாகவே வேறுபட்டது, வலியவனையும் மெலியவனையும், தேர்ந்தவனையும் தேராதவனையும் ஒரே நிலையில் வைப்பது இயற்கைக்கு மாறானது" என்பர் பகைவர். இவ்வாதத்தை மறுக்கப் புகும் நண்பருட் சிலர், வேறுபாடே இல்லையெனச் சாதிக்க முற்படுகின்றனர். வேறு சிலர், வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதே பிற்போக்கு என ஒதுக்கிவிடுகின்றனர். இரு தரப்பாரும் ஒரு வினாவை எழுப்ப மறந்துவிடுகின்றனர். ஆற்றலில் வேறுபட்ட மனிதர் பலர் ஒரே பொதுவெளியைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும்போது, அவ்வெளியை எவ்வாறு அமைத்தல் நீதியாகும்?

இவ்வினாவுக்கு விடை தேடத் தத்துவ நூல்களை மட்டுமே நாடவேண்டும் என்பதில்லை. மிகச் சாதாரணமானவை எனத் தோன்றும் காரியங்களிலும் சமூக உறவுகள் உறைந்து கிடக்கின்றன. மலைச்சரிவுகளில் துவிச்சக்கர வண்டி ஓட்டுவதற்கென அமைக்கப்படும் தடங்கள் அத்தகைய காரியங்களுள் ஒன்று. 'பொழுதுபோக்கிற்கும் நீதிக்கும் என்ன தொடர்பு?' எனச் சிலர் கேட்கலாம். பொழுது என்பதே வர்க்கங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்பட்ட பொருள் என்பதை அறிந்தோர் அவ்வாறு கேட்கமாட்டார். யார் உழைக்கின்றனர், யாருக்கு ஓய்வு உண்டு, அவ்வோய்வைக் கழிக்க எந்த நிலம் யாருக்குத் திறந்திருக்கிறது என்பன யாவும் அரசியற் கேள்விகளே. ஆதலால் வேல்ஸ் நாட்டின் மலைத்தடங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை சமத்துவம் பற்றி நமக்கு உணர்த்துவன யாவை என நோக்குவோம்.

மலைத் துவிச்சக்கர வண்டி என இன்று நாம் அறியும் ஊர்தியின் வரலாறு நீண்டதன்று. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் பகுதியில், தாமல்பாயிஸ் மலையின் மண்பாதைகளில், இளைஞர் சிலர் தடித்த சக்கரங்கள் பூண்ட பழைய வண்டிகளை ஓட்டி இறங்கத் தொடங்கினர். 1976இல் அங்கு 'ரீபாக்' எனப் பெயர்பெற்ற பந்தயம் ஆரம்பமாயிற்று. செங்குத்தான இறக்கத்தில் தடையைப் பிடித்தவாறே வருவதால், பின்சக்கரத்தின் குடத்தினுள் இருக்கும் கிறீஸ் எரிந்து புகைந்துவிடும். மறுபடி ஓடுமுன் புதிதாகக் கிறீஸ் அடைக்கவேண்டும். அவ்வேலையிலிருந்தே பந்தயத்தின் பெயர் பிறந்தது. 1980களில் பெரும் நிறுவனங்கள் இவ்வண்டிகளைத் தொகையாக உற்பத்தி செய்து சந்தையை நிரப்பின. வண்டிகள் பெருகியபோது முரண்பாடுகளும் பெருகின. நடப்போரும் குதிரையேற்றக்காரரும் ஒடுங்கிய பாதைகளில் வண்டிகளைக் கண்டு அஞ்சினர். மண்ணரிப்புப் பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. பல பாதைகள் வண்டிகளுக்கு மூடப்பட்டன. வண்டிகளுக்கெனவே திட்டமிட்டுத் தடம் அமைத்தல் என்ற எண்ணம் இம்முரண்பாட்டினின்றும் வலுப்பெற்றது.

பிரித்தானியாவில் அவ்வெண்ணம் முதன்முதல் செயலுருப் பெற்ற இடம் வட வேல்ஸில் டொல்கெல்லாய் நகருக்கு அண்மையிலுள்ள 'கோய்ட் அ பிரெனின்' என்னும் காடாகும். 1990களில் அங்கு மலை வண்டிகளுக்கென்றே தடங்கள் வெட்டப்பட்டன. வேல்ஸ் மொழியில் அப்பெயருக்கு 'அரசனின் காடு' என்பது பொருள். ஆனால் பெயரைக் கண்டு ஏமாறலாகாது. அந்நிலத்தின் பெரும்பகுதி நன்னாய் பண்ணையின் வாகன் குடும்பத்தாருக்குரியதாக இருந்து, 1922இல் அரசின் வனத்துறை ஆணைக்குழுவினால் வாங்கப்பட்டது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக 1935இல் இப்பெயர் சூட்டப்பட்டது. முதலாம் உலகப் போரில் மரத் தட்டுப்பாட்டால் இடருற்ற அரசு, 1919இல் அவ்வாணைக்குழுவை நிறுவியதன் நோக்கம் மரம் வளர்ப்பதே. மக்களின் ஓய்வு அன்று அதன் சிந்தையில் இருந்திருக்குமெனச் சொல்வதற்கில்லை. எனினும் தனியார் கையிலிருந்த நிலம் பொதுக்கைக்கு வந்தமையால் பிற்காலத்தில் ஒரு வாய்ப்பு உருவாயிற்று. எழுபது ஆண்டுகளின் பின் அங்கு பொதுமக்களுக்கான தடம் அமைக்க விரும்பியோர் எந்தப் பிரபுவின் வாயிலிலும் காத்து நிற்கவேண்டியிருக்கவில்லை.

நிலம் பொதுவாகாத இடங்களில் நிகழ்ந்தது என்ன என்பதை மறந்துவிடக் கூடாது. 1932ஆம் ஆண்டு ஏப்ரில் 24ஆம் நாள், இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தின்மீது சில நூறு தொழிலாள இளைஞர் கூட்டமாக ஏறினர். அந்நிலம் டெவன்ஷயர் கோமகனுக்குரியது. ஆண்டிற் சில நாட்கள் அங்கு பறவை வேட்டை நடைபெறும் என்பதற்காக ஆண்டு முழுவதும் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. மான்செஸ்டரின் ஆலைப் புகையிலிருந்து ஞாயிறு ஒருநாளேனும் விடுபட விரும்பியவர்களைக் காவலாளர் தடியுடன் எதிர்கொண்டனர். கூட்டத்திற்குத் தலைமை தாங்கிய பென்னி ரொத்மன் இருபது வயதுடைய பொதுவுடைமைவாதி. புகையிரத நிலையத்திற் பொலிசார் காத்திருப்பர் என எதிர்பார்த்து, அவர் அங்கு துவிச்சக்கர வண்டியிற் சென்றார் என்பது நம் பொருளுக்கு இயைந்த செய்தி. கைதானவருள் ஐவர் சிறை சென்றனர். ரொத்மனுக்கு நான்கு மாதம். எழுபது ஆண்டுகள் கழிந்தபின், 2002இல், அப்போதைய டெவன்ஷயர் கோமகன் தம் முன்னோர் செய்ததற்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

அவ்வெழுச்சியும் அதைப் போன்ற பல போராட்டங்களும் வீண்போகவில்லை. 1949இல் தேசியப் பூங்காக்கள் பற்றிய சட்டம் நிறைவேறியது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் துவிச்சக்கர வண்டி ஓட்டும் உரிமையை வழங்கிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மேட்டுநிலங்களிலும் பொதுநிலங்களிலும் நடந்து திரியும் உரிமையைத் தந்தது; வண்டிக்கு அவ்வுரிமை கிட்டவில்லை. ஸ்கொட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டமோ, பொறுப்புடன் நடந்துகொள்வோருக்கு நடையாகவும் வண்டியிலும் நிலமெங்கும் செல்லும் உரிமையை அளித்தது. இவ்வாண்டுகளை அடுக்கிக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஒரு பாதை எவ்வாறு அமையவேண்டும் என்ற கேள்வி, அப்பாதையில் கால் வைக்க முதலில் யாருக்கு உரிமையுண்டு என்ற கேள்வி தீர்ந்த பின்னரே எழுகின்றது. முன்னதை மறந்து பின்னதைப் பேசுவோர் அத்திவாரத்தை விட்டுக் கூரையைப் பேசுவோராவர்.

இனித் தடங்களின் அமைப்புக்கு வருவோம். பிரித்தானியாவில் இத்தடங்கள் நிறங்களாற் பிரிக்கப்பட்டுள்ளன. பச்சை எளிது, நீலம் ஓரளவு கடினம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். பச்சைத் தடம் அகலமாகவும் சரிவு குறைந்ததாகவும் இருக்கும். குழந்தையும் முதியவரும் அதிற் செல்லலாம். நீலத்தில் தடம் ஒடுங்கும். சிறு மேடுபள்ளங்கள் வரும். சிவப்பில் பாறைகளும் வேர்களும் படிகளும் குறுக்கிடும். கறுப்பில் ஓட்டுபவரின் திறமை, துணிவு, உடல்வலி மூன்றும் ஒருங்கே சோதிக்கப்படும். கோய்ட் அ பிரெனினில் 'பிரெனினின் பெருவிலங்கு' எனப் பொருள்படும் பெயர் பூண்ட கறுப்புத் தடம் ஏறக்குறைய 38 கிலோமீற்றர் நீளமானது. அதே காட்டில் 'மைனர்டோர்' என்னும் நீலத் தடமும் உண்டு. உடல் ஊனமுற்றோர் பயன்படுத்தும் மாற்றியமைக்கப்பட்ட வண்டிகளும் செல்லத்தக்க வகையில் அது அமைக்கப்பட்டுள்ளது. ஒரே காடு, ஒரே வாயில், ஒரே மழை. ஆனால் தடங்கள் பல.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழுகின்றது. மனிதரைத் தரம் பிரிப்பதல்லவா இது? பச்சைக்குரியோர், கறுப்புக்குரியோர் என்று வகுப்பது இன்னொரு வருணாசிரமம் ஆகாதா? எல்லோருக்கும் ஒரே பாதை என்பதன்றோ சமத்துவம்? இவ்வாட்சேபத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தரம் பிரித்தல் என்ற கருவி கொண்டு மனிதரை மனிதர் காலங்காலமாக ஒடுக்கி வந்துள்ளனர் என்பது வரலாறு. ஆதலின் நிறப் பலகை ஒன்றைக் கண்டதும் ஐயுறுதல் நேர்மையான உள்ளத்தின் இயல்பேயாகும்.

எனினும் 'எல்லோருக்கும் ஒரே பாதை' என்ற கொள்கையை நடைமுறையில் வைத்துப் பார்ப்போம். காட்டில் கறுப்புத் தடம் ஒன்றை மட்டும் அமைத்து, 'வாயில் அனைவருக்கும் திறந்திருக்கின்றது. விரும்பியோர் வரலாம்' என்று எழுதிவைத்தால், சட்டத்தின் கண்ணில் அது பூரண சமத்துவம். நடப்பில், முன்னரே தேர்ச்சி பெற்ற சிலர் மட்டுமே அதை அனுபவிப்பர். மற்றையோர் வாயிலோடு திரும்புவர், அன்றேல் எலும்பு முறிந்து திரும்புவர். காடு பொதுவானது என்ற பெயரால் ஒரு சிறுபான்மைக்கு உடைமையாகிவிடும். 1875இல் ஜெர்மானியத் தொழிலாளர் கட்சியின் வேலைத்திட்டத்தை விமர்சித்த கார்ல் மார்க்ஸ், இவ்வுண்மையை உழைப்பும் ஊதியமும் பற்றிய விவாதத்தில் எடுத்துக்காட்டினார். சமமற்ற மனிதரை ஒரே அளவுகோல் கொண்டு அளக்கும் சம உரிமை, விளைவில் சமமின்மைக்கான உரிமையாகவே முடிகின்றது என்பது அவரது வாதத்தின் சாரம். ஒரே அளவுச் செருப்பை ஊரிலுள்ள அனைவருக்கும் வழங்கிய வள்ளலின் சமத்துவம் போன்றதே ஒரே தடத்தின் சமத்துவமும்.

ஆகவே பல தடங்கள் வேண்டும் என்பது பெறப்படுகின்றது. ஆனால் அம்முடிவோடு நின்றுவிட்டால் நாம் மறுபுறத்துப் படுகுழியில் வீழ்வோம். ஏனெனில், 'ஆற்றல் வேறுபட்டது. ஆதலின் பாதைகளும் வேறுபடவேண்டும்' என்ற இதே வாதத்தைக் கொண்டே அநீதியான பிரிவினைகளும் நியாயப்படுத்தப்பட்டுள்ளன. ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை நன்கறிவர். அதே பிரித்தானியாவில், 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின், பதினொரு வயதில் நடத்தப்பட்ட ஒரு பரீட்சை குழந்தைகளைப் பிரித்தது. தேறியோர் 'கிரமர்' பாடசாலைகளுக்குச் சென்றனர். தேறாதோருட் பெரும்பாலோர் 'நவீன இடைநிலை' எனப் பெயரிடப்பட்ட பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். அவரவர் இயல்புக்கேற்ற கல்வி என்று அது வருணிக்கப்பட்டது. நடைமுறையிலோ, முன்னவை பல்கலைக்கழகத்தை நோக்கியும் பின்னவை ஆலையை நோக்கியும் திறந்தன. பதினொரு வயதிற் குத்தப்பட்ட முத்திரை பெரும்பாலானோரின் வாழ்நாள் முழுவதும் அழியவில்லை. இம்முறையை முதன்முதல் முற்றாகக் கைவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாடசாலையிற் சேர்த்த கல்வி அதிகாரசபை, 1950களில், வட வேல்ஸின் ஆங்கிள்சீ தீவினுடையதாகும். நாம் பேசும் காட்டிலிருந்து அது தொலைவிலன்று.

எனவே நம் கேள்வி கூர்மையடைகின்றது. பதினொரு வயதுப் பரீட்சையும் தரம் பிரித்தது. மலைத்தடத்தின் நிறப்பலகையும் தரம் பிரிக்கின்றது. முன்னது அநீதியெனில் பின்னது எவ்வாறு நீதியாகும்?

வேறுபாடுகள் நான்கு எனலாம். முதலாவது, நிறப்பலகை பாதையைத் தரப்படுத்துகின்றது, மனிதரைத் தரப்படுத்தவில்லை. 'இத்தடம் கறுப்பு' என்று அது சொல்கின்றது. 'நீ பச்சை' என்று எவரையும் பார்த்துச் சொல்வதில்லை. பரீட்சையோ பாடத்தை விட்டுப் பிள்ளையின் நெற்றியில் எழுதிற்று. இரண்டாவது, தடத்தைத் தெரிந்துகொள்பவர் ஓட்டுபவரே. பலகை செய்தியைத் தருகின்றது. தீர்ப்பை அவரிடமே விட்டுவிடுகின்றது. மூன்றாவது, இத்தெரிவு மாற்றத்தக்கது. இன்று பச்சையில் தடுமாறுபவர் அடுத்த ஆண்டு சிவப்பில் இறங்கலாம்; கறுப்பில் தேர்ந்தவர் தம் குழந்தையுடன் மீண்டும் பச்சைக்கு வரலாம்; வருவதில் இழிவு எதுவுமில்லை. நான்காவது, மிக முக்கியமானது: நல்ல தடநிலையத்தில் எளிய தடம் மிஞ்சிய நிலத்தில், மிஞ்சிய பணத்தில் அமைக்கப்படுவதில்லை. குழந்தைக்கும் ஊனமுற்றவருக்கும் உரிய தடத்தை அமைப்பதற்கு, தேர்ந்தவரின் தடத்திற்கு வேண்டிய அளவு சிந்தனை வேண்டும்; சில வேளைகளில் அதற்கு மேலும் வேண்டும். நவீன இடைநிலைப் பாடசாலைக்கு இல்லாமற்போனது இந்தச் சம மதிப்பேயாகும்.

தடம் அமைப்போரின் தொழில்நுட்பத்திலேயே ஓர் அறக்கொள்கை பொதிந்திருப்பதைக் காணலாம். இரு வழக்கங்களை எடுத்துக்கொள்வோம். கடினமான தடம் ஒன்றின் நுழைவாயிலிலேயே, அத்தடத்தில் வரவிருக்கும் கடினத்திற்கு ஒப்பான ஒரு தடையை வைப்பது அவர்களது முறை. அதைக் கடக்க இயலாதவர் அங்கேயே, சமதரையில், வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். தொடக்கத்தை இனிதாகக் காட்டி நடுவழியில் பாறை விளிம்பிற்குக் கொண்டுபோய் விடும் தடம் கெட்ட தடமெனக் கருதப்படுகின்றது. உண்மையை முதற் படியிலேயே சொல்லிவிடுதல் என்பது இதன் பொருள். கடன் கொடுப்போரின் கவர்ச்சியான விளம்பரங்களையும், வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவரின் இனிய சொற்களையும் இதனோடு ஒப்பிட்டால், வாயிலை அகலமாகவும் நடுவழியைப் பொறியாகவும் அமைக்கும் கலையில் நம் காலத்துச் சந்தை எவ்வளவு தேர்ந்துள்ளது என்பது விளங்கும்.

மற்றையது, தாவும் மேடு பற்றியது. இரு மேடுகளுக்கிடையே வெறும் பள்ளத்தை விட்டால், தாவலிற் சற்றே குறைந்தவர் எதிர்மேட்டில் மோதி விழுவார். அப்பள்ளத்தை மண்ணால் நிரப்பி, மேலே மேசைபோற் சமதளமாக்கிவிட்டால், முழுத் தூரமும் தாவ வல்லவர் தாவுவார். பாதி தாவியவர் சமதளத்தில் இறங்கி அப்படியே உருண்டு செல்வார். தாவவே விரும்பாதவர் தரையை விட்டு எழாமலே கடந்துபோவார். தேர்ந்தவரின் மகிழ்ச்சியில் ஓர் அங்குலமும் குறையவில்லை. தேராதவரின் தவறுக்கு எலும்பு முறிவு விலையாகவுமில்லை. தவறு செய்யும் வாய்ப்பின்றிக் கற்றல் நிகழாது என்பதை ஆசிரியர் அனைவரும் ஒப்புவர். ஆயின் தவறுக்கு நாம் விதிக்கும் விலை எவ்வளவு என்பதிலேதான் ஒரு கல்விமுறையின் தன்மை வெளிப்படுகின்றது. ஒருமுறை தவறியவனை நிரந்தரமாக வெளியேற்றும் பாடசாலை, மண்ணிட்டு நிரப்பாத அந்தப் பள்ளத்தை ஒத்தது.

இவ்விடத்தில் மறுதரப்பாருக்கும் ஒரு சொல் உண்டு. சமத்துவத்தின் பெயரால், கடினமான தடங்களையெல்லாம் செதுக்கிச் சமமாக்கவேண்டும் என வாதிடுவோர் இருக்கின்றனர். பாறையைப் பெயர்த்து, வேரை வெட்டி, எல்லாவற்றையும் நீலமாக்கிவிட்டால் யாருக்கும் குறையில்லை என்பது அவர் எண்ணம். இதுவும் பிழையே. உச்சத்தைத் தொட்ட கலைஞன் ஒருவனின் ஆற்றல் மற்றவரை அவமதிப்பதில்லை. மனித உடலாலும் உள்ளத்தாலும் எட்டக்கூடியது எதுவென அது அனைவருக்கும் காட்டுகின்றது. மலையைத் தரைமட்டமாக்குவது சமத்துவம் அன்று. மலையின்மீது ஏறும் வழிகளைப் பலவாக்குவதும், அவ்வழிகளுக்கிடையே சுவர் எழுப்பாதிருப்பதுமே சமத்துவம்.

இனி, ஆபத்து என்ற பிரச்சினையை நோக்குவோம். கடினத் தடங்களில் விபத்துகள் நேர்கின்றன. சிலவேளை பாரிய காயங்களும் ஏற்படுகின்றன. மனிதர் வேண்டுமென்றே ஆபத்தை நாடுவதைச் சமுதாயம் அனுமதிக்கலாமா? தென் வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் நகருக்கு அண்மையில், கெதின் காட்டில், 2013இல் ஒரு பெரிய மலைவண்டிப் பூங்கா திறக்கப்பட்டது. 'கெதின்' என்ற பெயர் அப்பகுதி மக்களுக்கு வேறொன்றையும் நினைவூட்டுவது. அக்காட்டின் அடிவாரத்திலிருந்த கெதின் நிலக்கரிச் சுரங்கத்தில் 1862இல் நிகழ்ந்த வெடிவிபத்தில் 47 தொழிலாளர் மாண்டனர். அதே பள்ளத்தாக்கில் சில மைல் தெற்கே அபர்ஃபான் என்னும் ஊர் உள்ளது. 1966இல் அங்கு மலைமீது குவித்துவைக்கப்பட்டிருந்த சுரங்கக் கழிவு சரிந்து பாடசாலையை மூடியது; 144 பேர் இறந்தனர்; அவருள் 116 பேர் குழந்தைகள்.

அப்பள்ளத்தாக்கின் மனிதருக்கு ஆபத்து புதிதன்று. ஆனால் அன்றைய ஆபத்தும் இன்றைய ஆபத்தும் ஒன்றல்ல. சுரங்கத்தில் இறங்கியவனிடம் எவரும் நிறப்பலகை காட்டவில்லை. அவன் இறங்காவிடின் அடுப்பு எரியாது. இறங்கினால் மீள்வது உறுதியில்லை. அவ்வாபத்தின் இலாபம் வேறொருவன் பைக்குச் சென்றது. அபர்ஃபானின் குழந்தைகள் எதையும் தெரிந்தெடுக்கவேயில்லை. இன்று அதே சரிவில் ஓர் இளைஞன் தானே அறிந்து, தானே தெரிந்து, வேண்டுமிடத்து நிறுத்திக்கொள்ளும் உரிமையுடன் ஆபத்தை எதிர்கொள்கின்றான். ஆபத்தை முற்றாக ஒழிப்பதன்று நம் இலட்சியம். ஒருவருடைய இலாபத்திற்காக மற்றொருவர்மீது சுமத்தப்படும் ஆபத்தை ஒழிப்பதே. ஆயினும் தெரிந்தேற்ற ஆபத்தும் தனிமனித விவகாரம் மட்டுமன்று. விழுந்தவனைத் தூக்க மீட்புப் பணியாளர் வருகின்றனர். முறிந்த எலும்பைப் பொருத்தப் பொது வைத்தியசாலை இருக்கின்றது. தென் வேல்ஸின் சுரங்கத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய அனூரின் பெவன் 1948இல் நடைமுறைப்படுத்திய இலவச தேசிய சுகாதார சேவை அதுவே. துணிவு தனியொருவனுடையதாகத் தோன்றினும், அதன் பின்னால் ஒரு சமுதாயத்தின் கை நீண்டிருக்கின்றது.

அவ்வாறு நீண்ட கைகளுள் தடம் வெட்டியோரின் கைகளும் அடங்கும். மழை மிகுந்த அந்நாட்டில் தடத்தின் முதற் பகைவன் நீர். சரிவின் போக்கிலேயே நேராக வெட்டிய தடம் சில பருவங்களில் ஓடையாகிவிடும். ஆகவே சரிவுக்குக் குறுக்காகத் தடத்தை வளைத்து, இடையிடையே சிறிது ஏறவிட்டு, ஏறும் இடத்தில் நீர் தானாகவே வெளியேறும்படி செய்வர்; சேறாகும் இடங்களில் கல்லை நெருக்கமாகப் பதிப்பர். மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு கூலித் தொழிலாளரும் தொண்டர்களும் செய்யும் இவ்வேலை, நன்றாகச் செய்யப்பட்டால் கண்ணுக்குத் தெரியாது. தடங்களுக்குப் பெயருண்டு, வெட்டியவருக்குப் பெரும்பாலும் பெயரில்லை. சுதந்திரமாகப் பறப்பதாக உணரும் ஓட்டுநர், பிறருடைய உழைப்பின்மீதே பறக்கின்றார்.

இதுவரை தடங்களின் சிறப்பைக் கூறினோம். இனி அவற்றின் குறையையும் கூறாது விடின் நாம் நேர்மையற்றவராவோம். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்ற நான்கு நிறங்களுக்கு முன்னால், பலகையில் எழுதப்படாத ஒரு நிறமும் உண்டு. அது பணத்தின் நிறம். மலைச்சரிவைத் தாங்கும் வண்டி விலையேறியது. தலைக்கவசமும் பிறவும் வேண்டும். வண்டியை ஏற்றிச் செல்ல மோட்டார் கார் வேண்டும். வேலைக்குச் செல்லாத ஒரு முழுநாள் வேண்டும். கெதின் காடு பொதுவனம். எனினும் அங்குள்ள பூங்காவை நடத்துவது தனியார் நிறுவனம். அதன் தடங்களில் ஓட்டுவதற்குக் கட்டணச் சீட்டு வேண்டும். வண்டியோடு மலையுச்சிக்கு வாகனத்தில் ஏற்றிச் செல்வதற்குக் கட்டணம் மேலும் கூடும். பச்சையிலிருந்து கறுப்பு வரை அங்கும் தடங்கள் உண்டு. அவை செம்மையாகவும் அமைந்துள்ளன. திறமையின் ஏணி அங்கு ஒழுங்காக நிற்கின்றது. ஆனால் ஏணியின் அடிப்படியைத் தொடுவதற்கே சீட்டு வாங்கவேண்டும். திறமையின் வேறுபாட்டை மிக நுட்பமாகக் கவனிக்கும் ஓர் அமைப்பு, வருமானத்தின் வேறுபாட்டைக் கவனியாதிருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

கோய்ட் அ பிரெனின் மறுவகையான படிப்பினையைத் தருகின்றது. அங்கு தடங்களில் ஓட்டக் கட்டணமில்லை. ஆனால் பணநெருக்கடியைக் காரணங்காட்டி, அக்காட்டைப் பரிபாலிக்கும் அரச அமைப்பு 2025 மார்ச் இறுதியுடன் அங்குள்ள வருகையாளர் நிலையத்தின் உணவுச்சாலையையும் விற்பனைச்சாலையையும் மூடிவிட்டது. உள்ளூர் மக்கள் எதிர்த்தனர். தாமே பொதுநிறுவனமாக அதனை நடத்தவும் முன்வந்தனர். தடங்கள் தொடர்ந்தும் திறந்திருக்கின்றன என்று ஆறுதல் கூறப்பட்டது. எவருக்குத் திறந்திருக்கின்றன என்று நாம் கேட்கவேண்டும். 38 கிலோமீற்றர் கறுப்புத் தடத்தை ஓட்ட வல்லவர் தம் உணவைப் பையிற் கட்டிக்கொண்டு வருவார். வழி கேட்க அவருக்கு ஆள் வேண்டியதில்லை. மழையில் நனைந்த குழந்தையோடு வரும் தாய்க்கும், முதன்முறை வரும் முதியவருக்கும், ஊனமுற்ற தோழரோடு வருவோருக்கும் சூடான கூடமும், ஒரு கோப்பைத் தேநீரும், வழிகாட்டும் ஒரு மனிதக் குரலும் தடத்தின் பகுதியே ஆகும். 'அத்தியாவசியமற்றவை' எனக் கருதி வெட்டப்படுபவை பெரும்பாலும் மெலியோரின் அத்தியாவசியங்களே என்பது உலகெங்கும் வரவுசெலவுத் திட்டங்கள் கற்பிக்கும் பாடம். பச்சைத் தடம் மூடப்படவில்லை. பச்சைத் தடத்திற்கு வரும் வழி ஒடுங்கிவிட்டது.

இவையனைத்தையும் தொகுத்து நோக்குமிடத்து, தரம் பிரிக்கும் எந்த நிறுவனத்தையும், அது பாடசாலையாயினும் பரீட்சையாயினும் தொழிற்சாலையாயினும், சோதித்துப் பார்க்கச் சில கேள்விகள் நமக்குக் கிடைக்கின்றன. அங்கு தரமிடப்படுவது பாதையா, மனிதனா? ஒரு தரத்திலிருந்து மறு தரத்திற்குச் செல்லும் வழி இரு திசையிலும் திறந்திருக்கின்றதா? கடினம் தொடக்கத்திலேயே அறிவிக்கப்படுகின்றதா, நடுவழியில் மறைந்து நிற்கின்றதா? தவறியவன் செலுத்தும் விலை எவ்வளவு? எளிய பாதை சமமான அக்கறையுடன் அமைக்கப்பட்டதா? யாவற்றுக்கும் மேலாக, வாயிலுக்கு வந்துசேரும் வழிச்செலவு யார் தலையில் விழுகின்றது? முதல் ஐந்து கேள்விகளுக்கும் நல்ல விடை தரும் நிறுவனங்கள் சில, ஆறாவது கேள்வியின் முன் மௌனமாகின்றன. தடம் அமைப்போரின் திறமையினால் அம்மௌனத்தைத் தீர்க்க இயலாது. அது நில உடைமையையும் பொதுச் செல்வத்தின் பங்கீட்டையும் பற்றியது.

கிண்டர் ஸ்கவுட்டில் ஏறிய இளைஞர் நிலத்தைத் திறக்கக் கோரினர். பிற்காலத்தார் அவ்வாறு திறந்த நிலங்களில், எல்லாத் திறத்தாரும் செல்லத்தக்க வழிகளை அமைக்கக் கற்றனர். அவ்வழிகளின் தொடக்கத்திற்கு எல்லோரும் வந்துசேரச் செய்யும் வேலை இன்னும் முற்றுப்பெறவில்லை. மனிதர் ஆற்றலில் வேறுபட்டவர் என்று சொல்லிச் சமத்துவத்தை மறுப்போருக்கு நாம் கூறத்தக்க விடை இதுவே: ஆம், வேறுபட்டவர், வேறுபட்டவர் என்பதனாலேயே, ஒவ்வொருவரும் தம் ஆற்றலுக்கேற்பத் தொடங்கி, தம் ஆற்றலையே வளர்த்துச் செல்லத்தக்க வழிகளைப் பொதுச்செலவில் அமைப்பது சமுதாயத்தின் கடமையாகின்றது. மலை எல்லோருக்கும் பொதுவென ஏட்டில் எழுதியபின், வராதவரை நோக்கி 'உனக்கு விருப்பமில்லை' என்று கூறும் உரிமை எவருக்கும் இல்லை. அவர் ஏன் வரவில்லை எனக் கேட்பதிலிருந்தே நம் வேலை ஆரம்பமாகின்றது.